நாலாவது கிழங்கு

அவளுக்குச் சம்பள நாள், எனக்கு நாலு நாள் லீவு.
பரந்தனில் பாறூக்கின் கடையில் சொன்னேன்:
"முதுகுப் பக்கம், எலும்பில்லாமல்,
இரண்டு விரல் தடிப்பில், மூண்டே மூண்டு துண்டு."
கத்தி அந்தரத்தில் நின்றது.
"கறிக்கெண்டால் சின்னனாத்தானே தம்பி வெட்டுறது?"
"கறியில்லை."
"பின்ன?"
பாசிக்குடா ஹோட்டலில் ஆறு வருடம்
இதற்குத் தமிழில் சொல்லில்லை என்றே இருந்துவிட்டேன்.
"சுடுறதுக்கு" என்றேன்.
இருந்திருக்கிறது.

வட்டக்கச்சி மட்டும்
மோட்டார் சைக்கிள் கொழுவியில் ஆடியபடி வந்தது பை.

சாமிப்படம் இருக்கிற கூரைக்குக் கீழே
மாடு ஏறாது. யோகமலரின் சட்டம்.
கிணற்றடி வாழைக்குப் பின்னால்
என்ன கூத்தும் ஆடலாம்.
"முறிகண்டியானுக்குக் கணக்குக் காட்டவேண்டியது
நானெல்லோ."

சட்டி என்று ஒன்றில்லை.
உழவு மெசினில் கழற்றிப் போட்ட தட்டு;
நடு ஓட்டையை வெல்டிங் ரஜீபன் அடைத்துத் தந்தான்,
கூலி ஒரு துண்டு என்ற பேச்சில்.
எத்தனை போகம் வயலைத் தின்ற இரும்பு.
மூன்று கல்லில் கவிழாமல் இருத்தவே
அரை மணித்தியாலம் போயிற்று.

வெலிமடைக் கிழங்கு நாலு.
கழுவித் துடைத்து உப்புத் தேய்த்து
முள்ளுக்கரண்டியால் குத்தும்போது கேட்டாள்,
"ஏன் குத்துறியள்?"
குத்தாவிட்டால் வெடிக்கும் என்று சொல்ல வாயெடுத்து
வேறு சொல் தேடினேன்.
அதற்குள் அவளே சிரித்துவிட்டாள்.
முகமாலையிலிருந்து வந்து முகம் மட்டும் கழுவியிருந்தாள்.
காற்சட்டையின் இரண்டு முழங்காலிலும்
மணல் வட்டம்.

வெள்ளித்தாள் சுற்றி
பாலைத் தணலுக்குள் புதைத்தேன்.
ஒரு மணித்தியாலம் கழித்து
குறட்டால் கிளறப் போனவனை
"தள்ளுங்கோ" என்றாள்.

மண்டியிட்டாள்.
மேலிருந்து தோண்டவில்லை.
விளிம்பில் தொடங்கி, அகப்பைக் காம்பைச் சரித்து,
சாம்பலைக் கொஞ்சம் கொஞ்சமாய் ஒரு பக்கம் ஒதுக்கி,
பளபளப்புத் தெரிந்ததும் கையை நிறுத்தி,
சுற்றி வர வழித்துத்தான் எடுத்தாள்.
"கருவி இருந்தால் இப்ப கத்தும்."
நான் சிரித்தேன். அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.
"மூண்டுதான் வந்திருக்கு."
"போதும், எழும்பும்."
"நாலெல்லோ போட்டனீங்கள்."
தட்டுச் சூடேறிப் புகைந்து
ஆறத் தொடங்கிய பிறகும் குனிந்தே இருந்தாள்,
கல்லோடு ஒட்டிக் கிடந்த
நாலாவதும் வரும்வரை.

மறுபடி மூட்டினேன்.
ஆனையிறவு உப்பு, இடித்த மிளகு.
துண்டு விழுந்ததும்
தகரத்தில் மழை கொட்டின மாதிரிச் சத்தம்.
அடுத்த வளவில் யன்னல் அடித்துச் சாத்துப்பட்டது.
பட்டர், நசுக்கின உள்ளி.
ஹோட்டலில் ரோஸ்மேரி போடுவோம்;
கிணற்றடியில் நின்றது கறிவேப்பிலை.
யன்னல் மெல்லத் திறந்தது.

என்னுடையதும் ரஜீபனுடையதும் நடுவில் சிவப்பாய்.
அவளுடையதைக் கருக விட்டேன்.
பகல் முழுக்க நிலத்துக்குள் எதையெதைக் காண்கிறாளோ,
கோப்பையிலும் சிவப்பு வேண்டாமென்று
நானே நினைத்துக்கொண்டதுதான்.
கேட்கவில்லை.

மென்றாள். மென்றாள்.
"இது செருப்பு."
என் கோப்பையை இழுத்துப் பாதியை அறுத்து
பிளந்த கிழங்கில் அந்தச் சாறு ஊறப் பிசைந்து
கண்ணை மூடி விழுங்கிவிட்டுக் கேட்டாள்,
"எனக்குப் பயமெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"
நான் செருப்பைத் தின்றேன்.
வெட்கத்துக்கு அது நல்ல கறி.

விடிய நாலரைக்கு வாகனம் கோன் அடித்தது.
மிஞ்சின கிழங்கைச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்தாள்.
வெள்ளித்தாளை உரித்து, நுணுக்கம் ஒட்டியிருக்கிறதா என்று
லைற்றில் ஒருதரம் பார்த்து,
உருட்டி என் கையில் தந்துவிட்டுப் போனாள்.