ஒன்பதாம் எழுத்து

லுஹருக்குப் பாங்கு சொன்னதும்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அபூ கஸ்ஸான் போனார்.
ஷுவைக் துறைமுகத்திலிருந்து காலையில் வந்த நாற்பது பெட்டி
ஹவல்லி வெயிலையும் கூடவே கொண்டுவந்து
சுவரோரம் ஆறிக்கொண்டிருந்தது.

அதே பெயர். அதே மாடல் எண்.
அட்டையில் அதே நீலமலை, எந்த ஊர் மலையோ.
அடுக்கும்போதே தோளுக்குத் தெரிந்தது
பெட்டிக்கு ஒரு கைப்பிடி அரிசி குறைகிறதென்று.

மேஜையில் காட்சிக்கு வைக்க
ஒன்றைப் பிரிக்கச் சொல்லியிருந்தார்.
பிரித்தேன்.
சொல்லாததையும் பிரித்தேன்.
அடிமூடியில் பத்துத் திருகாணி இருக்க வேண்டும்,
ஒன்பதுதான்.
பத்தாவதைத் தேடி மேஜைக்கடியில் குனிந்து தடவிவிட்டுப்
பிறகுதான் சிரித்தேன்:
அதற்குத் துளையே இல்லை.

உள்ளே
விசிறியின் இறக்கைகள் நெத்திலி முள்ளாக மெலிந்திருந்தன.
ஒரு செப்புக்குழாய் ஓடிய இடத்தில் இரண்டு.
எட்டு என்று அட்டை சொன்ன நினைவகம்
பதினாறாக உட்கார்ந்திருந்தது,
சொல்லாமல் கொள்ளாமல் வந்த விருந்தாளி
வீட்டாள் போலச் சம்மணமிட்ட மாதிரி.

அதெல்லாம் சரி.
என்னை ஸ்டூலில் உட்கார வைத்தது
இடது ஓரத்தில், சார்ஜர் செருகும் அந்த வாய்.
ஆறு மாதத்தில் ஆடும், எட்டில் கழன்று விழும்.
இந்தத் தெருவில் நான் ஒருவனே
முந்நூறுக்கு மேல் பற்றவைத்திருப்பேன்,
தடவைக்கு மூன்று தினார்.
இப்போது அது தனிப் பலகையில்
இரண்டு திருகாணி போட்டு நிற்கிறது.
அசைத்துப் பார்த்தேன்.
இன்னொரு முறை அசைத்தேன்.

யார் போய்ச் சொன்னார்கள்?
எந்த நாட்டில், எந்த மாடியில் இருக்கும் எவன்
என் ஈயப் புகையை மோந்து பார்த்தான்?
மன்னிப்பு இல்லை, அறிவிப்பு இல்லை,
தப்பு இருந்ததாகவே ஒருவரும் ஒப்பவில்லை.
திருத்தி மட்டும் வைத்திருக்கிறார்கள்,
ராவோடு ராவாக யாரோ ஒழுகும் ஓட்டை மாற்றிவிட்டுப்
போனதைப் போல.
மூன்று தினாரும் கொஞ்சம் உறுத்தியது,
பொய் சொல்வானேன்.

"அன்தூன்," என்றார் திரும்பிவந்தவர்.
அந்தோணிப்பிச்சை அவர் வாயில் அவ்வளவுதான் தேறும்.
"அறிவிப்பு அடுத்த மாதம். பழசு இருபத்திரண்டு கிடக்கு.
முதலில் அது போகட்டும். நீ ஒன்றும் பார்க்கவில்லை."
பார்ப்பது என் வேலையே இல்லையே.
பத்தாக்காவில் பதினோரு வருடமாக
நான் சுமைதூக்கி.

சாயங்காலம் ஜாப்ரியா ஆஸ்பத்திரியிலிருந்து
நர்ஸ் ஜெபக்கனி வந்தாள், யூனிஃபார்ம் மாற்றாமல்.
தம்பிக்கு அனுப்ப, மார்த்தாண்டத்துக்கு.
"புது மாடல் வரப்போகுதாமே அண்ணே, பொறுக்கட்டா?"
கல்லாவில் கால்குலேட்டர் சத்தம் நின்றது.
"பொறுக்க வேண்டாம்மா," என்றேன்.
தமிழ் என்பதால் அவர் காதில்
வியாபாரமாகத்தான் விழுந்திருக்கும்.
சீரியல் எண்ணில் ஒன்பதாம் எழுத்து
பழசுக்கு 'கே', புதுசுக்கு 'எம்'.
அடியிலிருந்து ஒரு 'எம்' உருவி
அவள் கையில் வைத்தேன்.
அவள் விலையை மட்டும் குறைக்கச் சொன்னாள்.

அடுத்து ஓர் எகிப்துப் பையன், ரிஃபாத்.
நோட்டுகளை இரண்டு தரம் எண்ணினான்.
அவனுக்கு 'கே'.
ஒன்றும் சொல்லவில்லை.
எடுத்துக் கொடுத்தது இதே கைதான்.

தூசிக்காற்று தெருவை மூடிய ஒரு நாளில்
அறிவிப்பு வந்தது. மேடை, வெளிச்சம், கைத்தட்டல்.
செல்போனைத் தூரப் பிடித்துப் பார்த்த அபூ கஸ்ஸான்
"மாஷா அல்லாஹ், புதுசு!" என்றார்.
கிடங்கில் அந்தப் புதுசு
அப்போது ஆறுதான் மிச்சம்.

அக்டோபரில் ரிஃபாத் வந்தான்.
சார்ஜர் நிற்கவில்லையாம்.
பற்றவைத்தேன். ஈயம் வழக்கத்தைவிடக் கூட வைத்தேன்.
எந்த வரைபடத்திலும் இல்லாத இடத்தில் துளைபோட்டு
ஒரு சின்னத் திருகாணியும் இறக்கினேன்.
மூடியைப் போட்டதும் பழைய முகம்.

"எவ்வளவு?"
"கேரண்டி," என்றேன்.
அந்த மாடலுக்கு அப்படி ஒன்று கிடையாது.
ரசீதில் எதுவும் எழுதவில்லை.