முள்

முப்பத்தொரு வருடம் தராசு முள்ளைப் பார்த்து
எழுதிக்கொண்டிருந்தவள் நான்.
புன்டா அரெனாஸ் துறைமுகத்தை ஒட்டிய குளிர்க்கிடங்கு.
தோலுரித்த ஆட்டுக்குட்டிகள் கொக்கியில் வரும்.
பதினொன்று நானூறு. பன்னிரண்டு நூறு.
எழுதிவிட்டு, அடுத்தது என்பேன்.

இப்போது என்னை நிறுக்கிறார்கள்.
நாற்பத்தாறு எழுநூறு.
ஷூவைக் கழற்றச் சொல்ல மறந்துவிட்டாள் நர்ஸ்.
நானே கழற்றினேன், கள்ளக் கணக்கு பிடிக்காது.
நாற்பத்தாறு இருநூறு.

எழுபத்தெட்டு வயதில் குடலில் ஒரு கட்டி.
வெட்டி எடுத்தாயிற்று.
மிச்சம் எங்காவது ஒளிந்திருந்தால் என்று இரண்டு மருந்து:
ஒன்று மாத்திரை, ஒன்று நரம்பில் சொட்டுவது.
சொட்டு ஏறிய அன்றே சொன்னாள்:
குளிர்ந்ததைத் தொடாதீர்கள், குளிர்ந்ததைக் குடிக்காதீர்கள்,
குளிர்காற்றை வாயால் இழுக்காதீர்கள், தோன்யா ஒர்தென்சியா.
நான் சன்னலைப் பார்த்தேன்.
வெளியே தெருமுனையில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்,
ஆளைத் தூக்கும் காற்றில் பிடித்து நடப்பதற்கு.
இந்த ஊரிலா, மகளே?
அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஃப்ரிட்ஜின் கைப்பிடி கடித்தது.
சாவி கடித்தது. கரண்டி கடித்தது.
மைனஸ் பதினெட்டில் வெறுங்கையால் பேனா பிடித்தவளை
ஒரு பால் டப்பா அழவைத்தது.
விரல் நுனி ஒவ்வொன்றிலும் ஒரு முள்.
நான்காம் சுற்றில் முள்ளும் போய், நுனியும் போய்விட்டது.

வியாழன்தோறும் பக்கத்து வீட்டு லவுதாரோவோடு த்ருகோ ஆடுவேன்.
பொய் சொல்லி ஜெயிக்கும் சீட்டாட்டம் அது.
இப்போது சீட்டு கைநழுவி
மேஜைமேல் மல்லாக்க விழுந்து
உண்மையைச் சொல்லிவிடுகிறது.
அவர் பார்க்காதவர்போல் தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போவார்.

மகன் எவாரிஸ்தோ வடக்கே, பாலைவன ஓரத்தில் இருக்கிறான்.
ஞாயிறுதோறும் போனில், "போராடு, அம்மா."
யாரோடு?
கிடங்கில் ஒருமுறை வேலைநிறுத்தம் செய்தோம்.
அன்று எதிரே ஒரு ஆள் நின்றான், அவனுக்குத் தொப்பி இருந்தது.
இது நான் தின்ற ரொட்டியையே தின்று வளர்ந்தது.

டாக்டர் பஹாமொந்தே
நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கச் சொன்னார், நடந்தேன்.
கடிகாரம் வரையச் சொன்னார், பதினொன்று பத்து.
வட்டம் வந்தது, எண்கள் வந்தன, சின்ன முள் வந்தது.
பெரிய முள் வழுக்கி
காகிதத்தைத் தாண்டி மேஜையில் ஏறியது.
மூளை அல்ல, விரல், என்றேன்.
தெரிகிறது என்று எழுதிக்கொண்டார்.

பிறகு கேட்டார்: உங்களுக்கு எது முக்கியம்?

இதைப் புருஷன் கேட்டதில்லை.
பாதிரியாரும் கேட்டதில்லை.
யோசித்து, சீட்டு என்றேன்.
உடனே வெட்கமாகிவிட்டது,
உயிர் என்று சொல்லியிருக்க வேண்டுமோ?

அவர் சிரிக்கவில்லை.
உங்கள் வயதில் அந்தச் சொட்டு
கொடுப்பது கொஞ்சம், எடுப்பது நிறைய, என்று
வட்டத்தின் பக்கத்திலேயே கணக்கு எழுதிக் காட்டினார்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே,
என் பிழைப்பே அதுதான்.
சொட்டை நிறுத்துங்கள், மாத்திரை இருக்கட்டும் என்றேன்.

போனில் நெடுநேரம் பாலைவனம் மட்டும் கேட்டது.
"கைவிட்டுவிட்டாயா, அம்மா?"
கையைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

காலை மூன்று, இரவு மூன்று, சாப்பாட்டுக்குப் பின்.
உள்ளங்கால் சிவக்கிறது, களிம்பு தடவுகிறேன்.
விரல் வருமா?
வரலாம், ஒரு வருடம் ஆகலாம்,
வராமலும் போகலாம்.
மார்ச்சில் ஸ்கேன்.

இன்று காற்று நூற்றுப்பத்து.
வங்கி முனையில் கயிறு பிடித்து நடந்தேன்,
வலது கையுறையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு.
உள்ளங்கையில் ஏதோ குத்தியது.
கயிற்றின் பிசிறோ, பழைய மருந்தோ.
எதிரே அதே கயிற்றில் ஒரு பள்ளிக்கூடப் பையன்.
கடக்க, ஒருவர் விட வேண்டும்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.
அவன் விட்டான், தொப்பி பறந்தது,
தபால் நிலையம்வரை துரத்திக்கொண்டு ஓடினான்.
எனக்கு வருத்தம்தான்.
ஆனாலும் நான் விடுவதாக இல்லை.