பேராடு ஐம்பது

அரை நாளுக்கு நானூற்றைம்பது, சாப்பாடு சேராது.
ராமநாதபுரம் பழைய பஸ் ஸ்டாண்டில்
ஆறே முக்காலுக்கு ஏறினோம், ஏழு பேர்.
ஒரு மணிக்குள் இறக்கிவிட்டாக வேண்டும்,
அதன் பிறகு அந்த வேன் எல்கேஜி பிள்ளைகளுடையது.
என் சீட்டுக்கடியில் குட்டி ஷூ ஒன்று கிடந்தது,
இடது கால்.

வழிகாட்டியின் பெயர் நம்புசெல்வி.
கழுத்தில் லேமினேட் செய்த அட்டை,
உள்ளங்கையில் பாறை கிழித்த வெள்ளைக் கோடுகள்.
பாசி எடுக்கக் கடல் விடாத நாளில் இந்த வேலை என்றாள்.
மைக் இல்லை. தேவையுமில்லை.
காற்றுக்கு எதிரே நின்று பேசிப் பழகிய குரல்.

வாலிநோக்கம் தாண்டியதும் தார் தீர்ந்து மணலானது.
டிரைவர் சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட்டார்.
கருவேல முள்ளுக்குள் ஒற்றையடிப் பாதை;
திருப்பூர்த் தம்பதியின் குடை
மூன்று இடத்தில் கிழிந்தது.

கோயில் என்று அவள் கைகாட்டிய இடத்தில்
இடுப்புயரச் சுவர் ஒன்று,
மண் விழுங்கியது போக மிச்சமிருந்த நாலு படி,
தனியே நிற்கும் ஒரு வாசற்கால்.
எல்லோரும் அதன் வழியாகவே நுழைந்தோம்
சுற்றிப் போக அவ்வளவு இடம் கிடந்தும்.

"லிங்கம் எங்கம்மா?"
கேட்டவர் ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர்.
"தெரியாது சார்."
அவருக்கு அது பிடிக்கவில்லை.
எனக்குப் பிடித்தது.
இருபத்திரண்டு வருடமாக ஆயுள் காப்பீடு விற்கிறேன்,
அந்த வார்த்தை என் வாயில் வந்ததே இல்லை.

பிறகு ஒரு கல்லருகே குந்தினாள்.
உப்புக்காற்று அரித்த வெறும் கல்.
எங்களை வட்டமாக நிற்கச் சொல்லி
வெயிலுக்குக் கிழிந்த குடையையும் பிடிக்கச் சொல்லி
போன் டார்ச்சைக் கல்லோடு கல்லாய்ப் படுக்கவைத்தாள்.

சாய்ந்த வெளிச்சத்தில்
எழுத்து எழுந்து உட்கார்ந்தது.
பஸ் போர்டு படிப்பதுபோல விரல் வைத்துப் படித்தாள்:
திருநந்தா விளக்கு ஒன்றினுக்கு விட்ட
சாவா மூவாப் பேராடு
ஐம்பது.

கொடுத்தவன் பெயர் இருந்த மூலை
உடைந்து போயிருந்தது.

"ஆடு சாகாதா?"
வேனில் வாந்தி எடுத்த பையன்.
"செத்தா குட்டியக் கொண்டு நெரப்பணும்.
எண்ணிக்க கொறையக் கூடாது.
தெனம் ஒரு உழக்கு நெய் அளக்கணும்.
மேய்க்கிறவன் போனா மகன், மகன் போனா பேரன்,
சூரியன் சந்திரன் உள்ள மட்டும்."

பழக்கதோஷம், கணக்குப் போட்டேன்.
பிரீமியம் ஒரே தவணை. ஐம்பது உருப்படி.
முதிர்வுத் தேதி கிடையாது.
நாமினி ஒரு சுடர்.
எங்கள் கம்பெனியில் இதற்கு எவனும்
கையெழுத்துப் போட மாட்டான்.

டார்ச்சை அணைத்தாள், சார்ஜ் பதினொன்று என்று முனகியபடி.
எழுத்து படுத்துக்கொண்டது.

அந்நேரம்தான் முள்ளை விலக்கிக்கொண்டு ஆடுகள் வந்தன,
நிஜ ஆடுகள், காது கிழிந்தவை, சினை ஆடுகள்.
யாரும் சொல்லாமலே எல்லோரும் எண்ணினோம்.
எனக்கு முப்பத்தொன்று. பையனுக்கு முப்பத்திரண்டு.
ஸ்டேஷன் மாஸ்டர் இருபத்தொன்பதில் பிடிவாதமாக நின்றார்.
ஒன்று கல்லின் மேல் ஏறிப் புழுக்கை போட்டது.
நம்புசெல்வி அதை விரட்டவில்லை.
"கடைசி வரியச் சொல்லலியே," என்றாள்.
"இந்தத் தர்மத்தக் காத்தவங்க பாதம்
என் தலை மேல. அப்படித்தான் முடியும்."
ஆட்டின் குளம்பைப் பார்த்தேன்.
வேன் ஹாரன் அடித்தது.

திரும்பும்போது முன்சீட்டிலிருந்து திரும்பிக் கேட்டாள்:
"சார், பாசி எடுக்கிறவங்களுக்கு
உங்க கம்பெனியில பாலிசி உண்டா?
முங்குறப்போ போனா காசு வருமா?"

பையில் பிரசுரம் இருந்தது.
பதினாறு பக்கம், வழவழப்புத் தாள்.
"தெரியாது," என்றேன். "கேட்டுச் சொல்றேன்."

விலக்கில் இறங்கி நம்பர் சொன்னாள்.
டிக்கெட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன்.
எட்டு இலக்கம் விழுந்தது.
கடைசி இரண்டைச் சொல்லும்போது
வேன் கிளம்பிவிட்டது.