பஞ்சு உறை

மாதத்தில் ஒரு நாள்
நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் அரங்கில்
மீனவர் குறைதீர் கூட்டம்.
மைக்செட் என்னுடையது,
தக்கலையிலிருந்து டெம்போவில் வரும்.
தண்ணீர் கேனுக்குப் பின்னால்
காதில் ஹெட்போனோடு நான்.

அரங்கம் கேட்பது பேச்சை.
எனக்குக் கேட்பது அதற்கு முந்தியது:
உதடு பிரியும் சின்ன 'டப்',
மூக்கு வழியே ஏறும் காற்று,
அது எங்கே போய் நிற்கிறது என்பதும்.
தொண்டையில் நின்றால் ரெண்டு வரி தாங்கும்,
நெஞ்சில் நின்றால் நாலு.
வயிறுவரை போனவர்களை
விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நீரோடிக்காரர் மனு முழுவதையும்
இறக்கத்தில் பிரேக் பிடிக்காத சைக்கிளாய் விட்டார்.
'ஆகவே ஐயா அவர்கள்' வந்தபோது
காற்று தீர்ந்து 'ஐயா'வோடு நின்றது.
மேல்மிடாலம் ஐடா பேபிக்கு
சொல்லுக்கு ஒரு மூச்சு.
மண்ணெண்ணெய். மூச்சு. மானியம். மூச்சு.
இன்னும். மூச்சு. வரல்ல.

மேடையில் இருப்பவர்கள் நன்றாகத்தான் பேசுவார்கள்,
பேசி முடித்தபின் ஒரு பெருமூச்சு வரும்.
அதை நான் குறைத்துவிடுவேன்.
மூச்சுக்கென்று ஒரு குமிழ் உண்டு,
இடப்பக்கம், கீழ்வரிசை.
இருபது வருஷமாய்
இந்த மாவட்டத்தின் மூச்சையெல்லாம்
வெட்டி வெட்டிப் போட்டிருக்கிறேன்.
இல்லாவிட்டால் ஸ்பீக்கர் இரையும்.

டோக்கன் இருபத்து மூன்று.
தொபியாஸ், கடியப்பட்டணம், சிப்பி குளிப்பவர்.
மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார்.
பிறகு ஒன்றும் இல்லை.
ஹெட்போனில் ஒன்றுமே இல்லை.
வயர் விட்டுப்போச்சோ என்று தொட்டுப் பார்த்தேன்,
சிவப்பு விளக்கு எரிகிறது.
மனிதர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்.

அவருக்குப் பழகினது அதுதானே.
பிடி, இறங்கு, சுரண்டு, ஏறு.
கீழே யாரும் அவரைப் பேசச் சொன்னதில்லை.
கலெக்டர் நிமிர்ந்தார்.
"சொல்லுங்க, சொல்லுங்க" என்றார் உதவியாளர்.
பின்வரிசையிலிருந்து ஒருத்தன்,
"லேய், மேல வா!"
சிரிப்பு.

அப்போது விட்டார்.
உதட்டைக் குவித்து,
அலைக்கு மேலே தலை வந்ததும் விடுவார்களே,
அந்த நீளச் சீழ்க்கை.
ஸ்பீக்கர் நாலும் இரைந்தன,
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
என் விரல் குமிழுக்குப் போனது.
போய், சும்மா இருந்தது.

முழுக்க விட்டபின் மூச்சு தானாக வந்தது.
அவர் இழுக்கவில்லை.
தோள் அசையவில்லை,
வயிற்றருகே சட்டைப் பொத்தான் மட்டும்
கொஞ்சம் முன்னால் நகர்ந்தது.
மனுவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"தூண்டில் வளைவு போடணும்னு கேட்டது நாங்கதான்.
போட்டீங்க. நன்றி."
மூச்சு.
"கொண்டு தட்டின கல்லுல பாதி
எங்களுக்க சிப்பிப் பாறைக்க மேல கெடக்கு."
மூச்சு, பஸ்ஸுக்கு நேரமிருக்கிற ஆள் மாதிரி.
"நாலு பாகம் ஆழம். நான் தொட்டுப் பாத்தாச்சு.
ஆபீஸர்மார் யாராவது பாக்கணும்னா
நானே கூட்டிட்டுப் போறேன்."

மொத்தம் ஐம்பது நொடி.
அதில் பாதி காற்று.

கலெக்டர் ஏதோ எழுதினார்.
பொதுப்பணித் துறைக்காரர் பையைத் திறந்து
எதையோ தேட ஆரம்பித்தார்.
டோக்கன் இருபத்து நாலு, குளச்சல், ஐஸ் ஃபேக்டரி விஷயம்.
அவரும் முதலில் உதட்டைக் குவித்துப் பார்த்தார்,
எச்சில்தான் தெறித்தது.

சாயங்காலம் வயரை
முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாய்ச் சுற்றி முடித்து
மைக்கின் பஞ்சு உறையைக் கழற்றினேன்.
நனைந்திருந்தது.
மனுக்களெல்லாம் கட்டாகி மாடிக்குப் போய்விட்டன.
உறையை மாதாமாதம் குழாயடியில் அலசிப் பிழிவேன்.
இன்றைக்கு அப்படியே
டெம்போவின் முன்கண்ணாடி ஓரம் வைத்தேன்.

பார்வதிபுரம் பாலத்தில் ஏறும்போது
உதட்டைக் குவித்து
நானும் ஒரு தடவை விட்டுப் பார்த்தேன்.
டிரைவர் வண்டியை ஓரம் கட்டி
தலையை வெளியே நீட்டினான்:
"எந்த டயர் அண்ணாச்சி?"