ஏழாவது கோடு

முட்டம் கலங்கரை விளக்குக்குக் கீழே
கேரவன் நின்ற புழுதியில்
மேக்கப்காரர் என் கையைக் கேட்டார்.
வலது கை. முழங்கைக்குக் கீழே, வெயில் படுகிற பக்கம்.
ஒட்டியிருந்த சாளைச் செதிலை
அவரே நகத்தால் எடுத்துப் போட்டார்.

ஏழு குப்பி, ஏழு கோடு.
முதல் கோடு சுண்ணாம்பு மாதிரித் துருத்திக்கொண்டு நின்றது.
மூன்றாவது, பால் கூடிப்போன கருப்பட்டிக் காப்பி.
ஆறாவது, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும்.
ஏழாவதை வரைந்தார், காணவில்லை.
"இதுதான்" என்றார்.
குப்பிமேல் பேனாவால் எழுதினார்: டெல்பின்.

அப்படித்தான் நான் சினிமாவுக்குள் வந்தேன்.

அதற்கு முந்தின மாசம்
கோயில் மண்டபத்தில் ஆள் எடுத்தார்கள்.
கதை, புருஷனைக் கடலில் தொலைத்த ஒருத்தியுடையது.
ஓகிக்குப் பிறகு எங்கள் தெருவில் மட்டும்
அந்த வேஷத்துக்கு ஒத்திகை வேண்டாதவர்கள் நாலு பேர்.
பிரிசில்லாள் ஒரு வசனம் சொல்லி முடித்தபோது
கேமராப் பையன் மூக்கைச் சிந்தினான்.
இயக்குநர் எழுந்து கும்பிட்டார். பிறகு சொன்னார்:
"ரொம்ப ஒரிஜினலா இருக்கு.
ஜனங்க தாங்க மாட்டாங்க."

நாயகி மும்பையிலிருந்து வந்தாள்.
நல்ல பிள்ளை, பொய் சொல்லக் கூடாது.
"மக்கா" என்று சொல்ல மூன்று நாள் படித்தாள்.
கரமடிக் கயிறு இழுத்து உள்ளங்கை பொத்துப்போனபோது
நான்தான் மஞ்சள் வைத்துக் கட்டினேன்.

என் வேலை நிற்பது.
அவள் நிற்கப்போகிற பாறையில்
அவள் நிற்கப்போகிற மாதிரி.
நாளுக்கு எழுநூற்றைம்பது, மதியம் பிரியாணி.
வெள்ளைத் துணியும் வெள்ளித் தாளும் பிடித்து
என் கன்னத்தெலும்புக்கு வெளிச்சம் தேடினார்கள்,
இரண்டு மணிநேரம்.
ஒரு ஆணும் என் முகத்தை அவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை,
கடல் எடுத்தவர் உட்பட.
வெளிச்சம் வந்து உட்கார்ந்ததும்
"அக்கா, நகருங்க."
நகர்ந்தேன்.
வெளிச்சம் அங்கேயே நின்றது.

தினமும் சாயங்காலம் அவள் கழுவினாள்.
தேங்காய் எண்ணெய், பஞ்சு, ஒன்றரை மணிநேரம்.
படியடியில் கிடந்த பஞ்சு ஒன்றைக் காக்கா
கருவாடென்று கொத்திக்கொண்டு போய்
பாறைமேல் வைத்துப் பார்த்து, விட்டுப் போனது.

எனக்குத் தக்கலை ஸ்டுடியோக்காரன் நினைவு வந்தது.
என் கல்யாணப் படத்தில்
கேட்காமலே என்னை வெளுப்பாக்கித் தந்தவன்.
மாமியார் அதைத்தான் சட்டம் போட்டு மாட்டினாள்.
பதினெட்டு வருஷமாய் அந்தச் சுவரில்
யாரோ ஒருத்தி என் புருஷன் பக்கத்தில் நிற்கிறாள்.

படம் வந்தது.
மூன்று இடத்தில் என் முதுகு இருக்கிறது.
வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஒட்டிய போஸ்டரில்
அவள் நாலாவது கோட்டு நிறத்துக்குத் திரும்பியிருந்தாள்.

விருது கொடுத்த ராத்திரி
குளச்சல் துறைமுகத்தில் ஏலத்துக்குக் காத்திருந்தோம்.
ஐஸ்பெட்டிமேல் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம்.
வெள்ளை கவுன், பால் மாதிரித் தோள்.
அழுதாள். நிஜ அழுகைதான்.
"நாற்பது நாள் அந்த நிறத்துக்குள் வாழ்ந்தேன்" என்றாள்.
அரங்கம் முழுக்க எழுந்து நின்றது.

"நாப்பது நாளா?" என்றாள் பிரிசில்லாள்.
"அப்பம் தவசுகாலமாக்கும்.
விபூதிப் புதனுக்குப் பூசி, ஈஸ்டருக்குக் கழுவியாச்சு."
எல்லோரும் சிரித்தோம்.
அவள் சிரிக்கவில்லை.
அன்றைக்கு மண்டபத்தில் சொன்ன வசனத்தை
இன்னொரு தரம், மெல்லச் சொன்னாள்:
"வள்ளமெல்லாம் வந்தாச்சா? எண்ணிப் பாத்தியளா?"
யாரிடமும் இல்லை, வாவல் கூடையைப் பார்த்து.
ஏலம் கூவ வந்த ததேயு
விலை சொல்லாமல் நின்றார்.

கோடு போட்ட அன்றைக்கே
வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.
ஆறு கோடும் போயிற்று.
ஏழாவது போயிற்றா இல்லையா,
எதை வைத்துப் பார்ப்பது?