சுடுகாற்றுக் குழாய்

பொதியைப் பிரித்தபோது முதலில் வந்தது
ஒற்றைக் கம்பளிக் காலுறை.
அதற்குள்ளே முழங்கை போல் மடங்கிய தகரக் குழாய்,
இழுத்தால் நீளும் வெள்ளிக்காகித ஹோஸ்,
இரண்டு கிளிப். மூன்றாவது வரவில்லை.

வின்ரத்தூரில் இருந்து அண்ணர் அனுப்பினவராம்.
அருட்சோதி, மருத்துவமாது.
அவவின் வொக்ஸ்வாகன் அறுபத்தேழாம் ஆண்டுப் பிறப்பு.
“எஞ்சினுக்குச் சுடுகாற்றுக் குடுக்கிற சாமான்” என்றா.

மல்லாவிச் சந்தியே சிரித்தது.
பலசரக்குப் புவனேசன் தராசை ஆடவிட்டுச் சிரித்தார்.
சித்திரையில் தார் இளகிச்
செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஊரில்
காசு குடுத்துக் காற்றைச் சுடவைக்கவோ?
நானும் சிரித்தேன்,
பத்தாம் நம்பர் சாவியைத் துடைத்தபடி.
அவ சிரிக்கவில்லை.
“நாளைக்கு விடிய அஞ்சு மணிக்கு
வவுனிக்குளக் கட்டுக்கு வாரும். வந்து பாரும்.”

போனேன்.
மார்கழிக் குளம் முட்டி நின்று மூச்சு விட்டது.
மூடுபனி, முகத்தில் போட்ட ஈரச்சீலை.
துருசைத் தாண்டியதும் கார் இருமியது,
இருமி இருமி நின்றது.
பாலிநகரில் ஒருத்திக்கு நோவு கண்டிருந்தது.

பின்மூடியைத் தூக்கி ரோச் அடித்தேன்.
காபரேற்றருக்குக் கீழே குழாயின் கழுத்தில்
வெள்ளை.
தூசி என்று தொட்டேன்.
விரல் விறைத்தது.

பனி.
உப்பளத்து வரம்பு போல் பொருபொருவென்று.

பெற்றோல் ஆவியாகையில்
பக்கத்துச் சூட்டை எல்லாம் பறித்துக்கொள்ளும்,
ஈரக்காற்று உறையும், தொண்டை அடைக்கும்.
புத்தகத்தில் இருக்கும். இருக்கட்டும்.
முப்பது வருஷம் எஞ்சினுக்கடியில் கிடந்தவன் நான்.
வன்னியில் பனி விழும் இடம்
ஒரு கட்டைவிரல் அகலத்தில் இருக்கிறதென்று
எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பத்து நிமிஷம் காத்து நின்றோம்.
அது தானாய்க் கரைந்து சொட்டியது.
கார் வெளிக்கிட்டது.
பிள்ளை பொறுக்கவில்லை, அவவுக்கு முந்திப் பிறந்துவிட்டது.
பெட்டை. சுகம்.

அன்று பின்னேரமே பூட்டத் தொடங்கினேன்.
பழைய குழாய் எங்கே என்று கேட்டா.
தடைக் காலத்தில் அதைக் கழற்றி
மண்ணெண்ணெய் வார்க்கும் புனலாக்கியவன் நான்தான்.
சேலைன் போத்தலால் சொட்டுப் பெற்றோல் காட்டி
எஞ்சினை ஏமாற்றி ஓட்டிய நாட்கள்.
சுடுகாற்று அப்போதுதான் கூடத் தேவைப்பட்டிருக்கும்.
யார் கண்டது.
அது வேறு கதை, இங்கே பூட்ட இடமில்லை.

புதுக் குழாயின் வாய் நாலு மில்லி பெரிது.
ரின்மீன் பேணி ஒன்றை வெட்டி
இரண்டு சுற்று வளையமாக்கிச் செருகினேன்.
மூன்றாவது கிளிப்புக்குக் கட்டுக்கம்பி.
உள்ளே ஒரு தகர மடல்.
எஞ்சின் மெல்ல மூச்செடுத்தால் சுடுகாற்று,
வேகம் பிடித்தால் வெளிக்காற்று.
மடலைச் சாய்த்து வைக்கும் குண்டு விழுந்து எந்தக் காலமோ.
குளத்து மீன்காரன் யூட்டின் வலையில்
ஓர் ஈயக்குண்டு கேட்டு வாங்கினேன்.
பாரம் கூட. அரத்தால் ராவினேன்.
இன்னும் கூட. ராவினேன்.
பிறகு குறைந்துபோனது. இன்னொன்று கேட்கப் போனேன்.
யூட் ஒன்றும் பேசாமல் நாலு தந்தான்.

அடுத்த விடியல் துருசடியில் நின்றேன்.
அதே மூடுபனி.
கார் வந்தது, இருமவில்லை,
கோர்ன் அடித்துக்கொண்டு போயே விட்டது.

பின்னேரம் பில்லுக்கு வந்தா.
நான் மூடியைத் தூக்கிக் கழுத்தைத் தடவினேன்.
கறுப்பு. காய்ந்த எண்ணெய். கொஞ்சம் மீன் மணம்.
“என்ன தேடுறீர்?”
“ஒண்டுமில்லை. கம்பி இறுக்கமோ எண்டு.”
“அங்க அண்ணருக்கு முழங்கால் மட்டுக்குப் பனியாம்” என்றா.

பில் எழுதினேன்:
ஈயக்குண்டு இரண்டு. கம்பி ஒரு முழம். கூலி.
ரின்மீனுக்கு எடுக்கவில்லை.
மீனை மத்தியானம் நான்தான் தின்றேன்.