சிலேடை

வெள்ளவத்தை மாக்கெட்டுக்கு முன்னால்
நிறுவை மெஷினோடு குந்தியிருக்கும் மனிசன்
இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு
"எண்பத்தாறு" என்பார்,
மீன் விலை கூவுவதுபோல.
வல்லாரை ஆய்ந்துகொண்டிருப்பவள் தலை நிமிர்வாள்.
அடுத்த சனியும் போவேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.

உடம்பைக் குறைத்தால் மாதம் ஒழுங்காய் வரும்
என்றார் முதல் டொக்டர்.
மாதம் ஒழுங்கானால்தான் உடம்பு குறையும்
என்றார் இரண்டாவது டொக்டர்.
கட்டணம் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்று.
முட்டை முதலா கோழி முதலா
என்று கேட்க வாயெடுத்தேன்.
அந்த அறையில் முட்டை என்றால் வேறு பொருள்.
விழுங்கிக்கொண்டேன்.

ஸ்கேன் எடுத்த பிள்ளை
திரையை என் பக்கம் திருப்பி
"முத்துமாலை மாதிரி" என்றாள்.
புகழ்கிறாளாக்கும் என்றுதான் நினைத்தேன்.
பன்னிரண்டு எண்ணினாள்.
எல்லாம் பாதியில் நின்றவை,
தெஹிவளைக்கு முன்னால் சிக்னலுக்குக் காத்துக்கிடக்கும்
ஆபீஸ் ரயில்போல.
உள்ளே எல்லாருக்கும் அவசரம். வண்டி அசையாது.

அன்று வீடு வரும் வழியில் மூன்று மாலுபாண் தின்றேன்.
குற்றவாளிதானே, தின்னட்டும் என்று.

கின்சி வீதியில் டொக்டர் அபேகோன்
நாடியில் நூல் இழுத்த சிவப்பைப் பார்த்தும்
பார்க்காததுபோல் இருந்தார்.
அவர் சிங்களத்தில் சொன்னதை
மருந்துத் துண்டின் பின்பக்கம்
தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்:

ஒன்று மற்றதை இழுத்து வருவது உண்மைதான்.
அது பாதிக் கதை.
மிச்சம், இரண்டுக்கும் சில எழுத்துகள் பொது.
போதும் என்று பசிக்குச் சொல்லும் இடத்திலும்
போ என்று சூலகத்துக்குச் சொல்லும் இடத்திலும்
அதே எழுத்துகள் கொஞ்சம் புழங்குகின்றன.
எழுத்து விதி இல்லை. சாய்வு.
மேடு பள்ளம் தெரிந்து நடக்கலாம்.

ஏ.எல்லில் படித்த சிலேடை ஞாபகம் வந்தது.
ஒரே வரி.
இங்கே பிரித்தால் ஒரு பொருள்,
ஓரெழுத்துத் தள்ளிப் பிரித்தால் இன்னொன்று.
எழுதியவர் யாரென்று டீச்சர் கேட்பா.
இந்த வரியை யார் எழுதியது?
அப்பாவா, அம்மாவா,
இரண்டு பேரும் பாதிப் பாதியா?

"வீட்டில் ஆம்பிளைப் பிள்ளைகள்?" என்று கேட்டார்.

அண்ணன் ரமணீதரன்.
இருபத்தாறில் உச்சி வெளித்தது,
முப்பத்திரண்டில் சீனி.
ஷேர்ட்டின் நாலாவது பொத்தான்
எப்போதும் ராஜினாமா செய்யும் நிலையில்.
சொந்தத்தில் ஒரு கல்யாணம்.
அவன் வயிற்றைத் தட்டி
"கொழும்பு நல்லாப் பிடிச்சிருக்கு" என்ற அதே மாமி
அதே கையால் என் கோப்பையிலிருந்து
வடையை எடுத்துவிட்டா.

மரீன் டிரைவில், கொத்துப் பார்சலுக்கு நடுவில்
அவனிடம் சொன்னேன்.
தண்டவாளத்துக்கு அப்பால் கடல் கறுத்துக் கிடந்தது.
முள்ளுக்கரண்டி வாய்க்குப் போகாமல் நின்றது.

"அப்ப எனக்கும் உந்த வருத்தமோ?"
"உனக்குச் சூலகம் இல்லை."
"மிச்சம்?"
"மிச்சம் இருக்கு. ஆனா உன்னில அதுக்கு
ஒருத்தரும் பேர் வைச்சுக் கூப்பிடேல்லை."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.
ஒரு ரயில் போய் முடியும்வரை ஒன்றும் கதைக்கவில்லை.
பிறகு, "உன்னை நான்
குண்டம்மா என்று கூப்பிட்டனான், என்ன?"
ஓம் என்றேன்.
ஒன்பது வருசம் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை அவனும் வந்தான்.
எனக்குப் பிறகு ஏறினான்.
நிறுவைக்காரர் மெல்லமாய், மரியாதையாய்,
"நூற்றிநாலு, மாத்தயா" என்றார்.
வல்லாரைக்காரி தலை நிமிரவில்லை.

அண்ணன் இறங்கவில்லை.
இன்னொரு இருபது ரூபாயை நீட்டி,
"தங்கச்சிக்குச் சொன்ன மாதிரிச் சொல்லும்" என்றான்.